வைக்கோலும் வண்ணக் காகிதமும்

மேல்மலையனூர் என்றதும் அங்காளம்மனும் மயானக் கொள்ளையும் நினைவுக்கு வருவது இயற்கை. மாசி மாதத்தில், சிவராத்திரிக்கு மறுநாள், தானியமும் காய்கறியும் சோறுமாகக் குவித்து வைத்துப் படைத்ததைச் சனங்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். வீட்டில் விளைந்ததைக் கொண்டே விழாவை நடத்திவிடுவது இந்தச் சீமைக்குப் பழக்கமான காரியம். இதே வட்டாரத்தில் மார்கழிக் குளிரில் நடக்கும் கிறிஸ்மஸ் விழாவுக்கும் நெடுங்காலம் அதுவே வழியாக இருந்தது.

செஞ்சிக்குக் கிறிஸ்தவம் புதிதல்ல. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார் அங்கே வந்து, கோட்டையைக் கண்டு வியந்து எழுதி வைத்தார். 1750 முதல் 1761 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அவர்கள் காவலில் பதினொரு கிறிஸ்மஸ் வந்து போயின. ஆனால் பட்டாளத்துப் பண்டிகை பட்டாளத்தோடு போய்விடும். குடியானவன் வீட்டுக்குப் பண்டிகை வர வேறு காரணம் வேண்டும். இங்கே அந்தக் காரணம் பஞ்சம்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லிக் கேட்ட தலைமுறை ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் செஞ்சிக்கு வடக்கே சேத்துப்பட்டில் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த தரஸ் சுவாமியார் பணியாற்றினார். பஞ்சத்தையொட்டி ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலோர் சேரிவாசிகள், சொந்த நிலம் இல்லாதவர்கள். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. பஞ்சம் தீர்ந்த பிறகும் பல குடும்பங்கள் விலகவில்லை என்பதை அப்படிச் சொல்லுகிறவர்கள் யோசிப்பதில்லை.

இவர்கள் எதைக் கொண்டு வீட்டை அலங்கரிப்பார்கள்? மூங்கிலைப் பிளந்து, நூலால் இழுத்துக் கட்டி, ஐந்து முனை நட்சத்திரம் செய்வது நம் ஊர் வழக்கம். பட்டம் விடும் வண்ணக் காகிதத்தைப் பசை காய்ச்சி அதன்மேல் ஒட்டுவார்கள். உள்ளே ஒரு விளக்கு. குடிலுக்கு வைக்கோல் கூரை. உடைந்த கண்ணாடித் துண்டு குளமாகிவிடும். கொட்டாங்கச்சியில் மண் போட்டுக் கேழ்வரகு தூவினால், பண்டிகைக்குள் பசும்புல் முளைத்துவிடும். பிற்காலத்தில் சிமெண்டு வந்தபோது அதன் காகிதப் பையும் வந்து சேர்ந்தது. அதைக் கசக்கி, கரியும் சுண்ணாம்பும் தடவி நிறுத்தினால் பாறைக் குகை தயார். ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் அன்றாடம் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பாறை எப்படி இருக்கும் என்று யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இதை ஏழைகளின் சிக்கனம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. குடிலின் பூர்வோத்தரமே இப்படித்தான். 1223-ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்ற சிற்றூரில் அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, அவர் கேட்டு வாங்கியவை தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. எல்லாம் அந்த ஊரில் கிடைத்தவையே. பின்னர் நேப்பிள்ஸ் நகரத்துப் பிரபுக்கள் பட்டும் வெள்ளியும் உடுத்திய பொம்மைகளைக் கொண்டு குடிலை ஆடம்பரமாக்கினார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் கோயில்கள் மூடப்பட்டபோது, அது மறுபடியும் சாதாரண வீட்டுக்குள் நுழைந்தது. மார்செய் நகரத்து லாஞெல் என்பவர் அச்சில் வார்த்துச் செய்த சின்னக் களிமண் பொம்மைகள் ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைத்தன. அந்தப் புரொவான்ஸ் நாட்டிலும் டிசம்பர் 4-ஆம் தேதி தட்டில் கோதுமையை முளைக்கப் போட்டு, அதைப் பண்டிகைக்கு வைக்கிறார்கள். கோவாவின் கிறிஸ்தவர்கள் தங்கள் குடிலுக்குக் கேழ்வரகை முளைக்க வைக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்களா என்று ஆராய வேண்டியதில்லை. விதை முளைப்பதைக் கண்டு மகிழாத விவசாயி எந்த நாட்டிலும் இல்லை.

இப்போது பிளாஸ்டிக் நட்சத்திரங்களும் மின்சாரச் சரங்களும் மலிவாகக் கிடைக்கின்றன. அதே சமயம் பட்டணத்தில் வசதியுள்ளவர்கள், பழைய பொருளைக் கொண்டு எளிமையாக அலங்கரிப்பதே அழகு என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கலாகாது. தேர்ந்தெடுக்கும் எளிமை வேறு. வேறு வழியின்றி வந்த எளிமை வேறு. சேரிக் குடும்பம் ஒன்று முதன்முதலாகக் கடையில் மின்விளக்கு வாங்கி வாசலில் தொங்கவிட்டால், பழைய அழகு போயிற்றே என்று நாம் வருந்துவது நியாயமாகாது. எத்தனையோ வருஷம் மறுக்கப்பட்ட ஒரு வெளிச்சம் அது.

நாம் காப்பாற்ற வேண்டியது கைத்தொழிலைத்தான். மூங்கில் நட்சத்திரம் செய்யத் தெரிந்த வீட்டில் பண்டிகை முடிந்ததும் யாரும் அதைக் குப்பையில் எறிவதில்லை. சட்டம் பரணுக்குப் போகும். மறு வருஷம் கிழிந்த காகிதத்தை உரித்துவிட்டு, பிள்ளைகள் புதுக் காகிதம் ஒட்டுவார்கள். பசை காய்ச்சத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.