ஆம்பளை டாக்டர் ஏன் பிரசவம் பார்க்க வந்தார்?

1/ "ஆம்பளைப் பையன், உனக்கு எதுக்குடா பிரசவப் படிப்பு?" மகப்பேறு மருத்துவம் எடுத்த ஆண்கள் கேட்டுக் கேட்டுச் சலிச்ச கேள்வி இது. எங்க ஆலத்தியூர்ல ஒரு அப்பாயி கேட்டாலும், சென்னையில கூடப் படிச்சவன் கேட்டாலும் பதில் வரலாற்றுல இருக்கு. படிங்க.

2/ 1844-ல் மெட்ராஸில் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியது. 1882-ல் எழும்பூரில் இப்போதைய இடத்துக்கு மாறியது. இன்னைக்கும் அங்கதான் இருக்கு. ஆரம்பத்துல டாக்டர்கள் எல்லாரும் ஆண்கள். காரணம் எளிது: அப்போ பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில இடமே கிடையாது.

3/ 1875-ல் தான் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நாலு பெண்களைச் சேர்த்துக்கிட்டது. அதில் ஒருவர் மேரி ஷார்லீப். ஆண் டாக்டரிடம் வர முடியாத பெண்களுக்காக 1885-ல் தனி மருத்துவமனை தொடங்கினார். அதுதான் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி.

4/ அது ஏன் தேவைப்பட்டது? திண்டிவனத்துல ஒரே இரவில் மூணு வீட்டிலிருந்து ஆள் வந்தாங்க. மூணு பேரும் பிரசவ வேதனையில இருந்த பெண்கள். டாக்டர் ஜான் ஸ்கடர் தயாரா இருந்தார். ஆண் என்பதால வேண்டாம்னுட்டாங்க. மூணு பெண்களும் இறந்துட்டாங்க. அதைப் பார்த்த மகள் ஐடா ஸ்கடர் டாக்டராகி, 1918-ல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியே தொடங்கினார். 1947-ல் அங்க ஆண்களும் சேர்ந்தாங்க.

5/ ஆண்கள் பக்கம் பாருங்க. ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், மகப்பேறு நிபுணர். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவர் எழுதிய மகப்பேறு பாடநூலை இன்னைக்குப் பெண் டாக்டர்களும் படிக்கிறாங்க.

6/ இப்போ பெண் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. பிறகும் சில ஆண்கள் ஏன் வர்றாங்க? மருந்தும் கத்தியும் ஒரே துறையில. ரத்தப்போக்கை நிறுத்தினா பலன் அந்த நிமிஷமே தெரியும். ஒரே நேரத்துல ரெண்டு உயிர். இந்த ஈர்ப்புக்கு ஆண், பெண் வித்தியாசம் கிடையாது.

7/ ஆனா திண்டிவனத்துப் பாடம் டாக்டருக்கும் சேர்த்துத்தான். கூச்சப்படுற பெண்ணை "பட்டிக்காடு"ன்னு திட்டக் கூடாது. பரிசோதனைக்கு முன்னாடி சம்மதம் கேட்கணும், பெண் செவிலியர் பக்கத்துல இருக்கணும். பெண் டாக்டர் வேணும்னா அது அவங்க உரிமை.

8/ குடும்பத்துக்கு ஒண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தப்போக்கு, டியூட்டியில இருக்கிறவர் ஆண் டாக்டர்னா, "லேடி டாக்டர் வரட்டும்"னு கணவரும் மாமியாரும் முடிவெடுக்காதீங்க. படுத்திருக்கிறவங்களைக் கேளுங்க. திண்டிவனத்துல அந்த மூணு பெண்களையும் யாரும் கேட்கல.