செயற்கைக் கண்ணீர் பிறந்த கதை

மருந்துக் கடையில் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் விற்கும் செயற்கைக் கண்ணீரை வெறும் தண்ணீர் என்று நினைக்கிறவர்கள் நிறைய. வெறும் தண்ணீராக இருந்தால் கண்ணில் விட்ட கையோடு வழிந்து கன்னத்துக்கு வந்துவிடும். கண்ணில் சற்று நேரம் தங்க வேண்டும், பார்வையை மறைக்கக் கூடாது, எரியக் கூடாது, ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது. இந்த நான்கும் ஒன்றுகூடி வருவதற்கு நெடுங்காலம் ஆகியிருக்கிறது. அந்தக் கதையின் ஒரு நல்ல பகுதி மதுரையில் நடந்தது.

கண் வறட்சி வந்தவர்கள் மதுரைப் பக்கம் சொல்வது, "கண்ணுல மண்ண அள்ளிப் போட்டாப்ல இருக்கு." ஆடிக் காற்றில் கண்ணாடி போடாமல் வண்டி ஓட்டுகிறவரும், நாளெல்லாம் ஏசி அறையில் கம்ப்யூட்டரை உற்றுப் பார்க்கிறவரும், மாதவிலக்கு நின்ற பெண்களும், மூட்டுவாதக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். வேறு சிலர், "எனக்குத் தண்ணியா ஊத்துது டாக்டர், நீங்க வறட்சிங்கிறீங்களே" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கண்ணின் மேற்பரப்பு காய்ந்து உறுத்தும்போது, அந்த உறுத்தலுக்குப் பதிலாகத்தான் கண்ணீர்ச் சுரப்பி கொட்டுகிறது. கொட்டுவது கண்ணில் நிற்பதில்லை.

யாருக்கு எவ்வளவு கண்ணீர் சுரக்கிறது என்று அளக்க முதலில் வழி சொன்னவர் ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். ஆண்டு 1903. அவருடைய சோதனை இன்றும் நடக்கிறது. 5 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் நீளமும் உள்ள வடிதாள் கீற்றின் ஒரு நுனியைக் கொக்கி மாதிரி மடித்து, கீழ் இமையின் வெளிப்பக்க ஓரத்தில் மாட்டுவார்கள். கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கண்ணீர் தாளில் மெல்ல ஊறி இறங்கும். எடுத்துப் பார்த்தால், ஈரம் 10 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 5-க்கும் கீழே நின்றுவிட்டால் சுரப்பு மிகக் குறைவு. இத்தனை எளிய சோதனையை மிஞ்ச இன்றைய கருவிகளும் திணறுகின்றன என்பது என் எண்ணம்.

அடுத்தவர் சுவீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன். மூட்டுவாதம் உள்ள பெண் ஒருவருக்குக் கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டிருப்பதை 1930-ல் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு தேடி, 19 பெண்களைப் பற்றி 1933-ல் ஆய்வேடு எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதம் இருந்தது. கண் வறட்சி கண்ணோடு முடிகிற விஷயமில்லை, உடம்பே தன் சுரப்பிகளைத் தாக்கும் நோயின் அடையாளமாக இருக்கலாம் என்ற வழி அங்கேதான் திறந்தது. பல்கலைக்கழகம் அந்த ஆய்வுக்கு உயர்ந்த மதிப்பு தரவில்லை. ஆசிரியர் பதவிக்கான வழி அடைபட்டு அவர் ஒரு சிறிய ஊர் மருத்துவமனைக்குப் போனார். ஆஸ்திரேலிய மருத்துவர் ஒருவர் 1943-ல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகுதான் உலகம் படித்தது. இன்று அந்த நோய்க்கே அவர் பெயர்.

மருந்துக்கு வருவோம். அதுவரை உப்புக் கரைசலை விட்டுப் பார்த்தார்கள், அது நிற்கவில்லை. கென்னத் ஸ்வான் என்ற அமெரிக்க மருத்துவர் 1945-ல் மெத்தில் செல்லுலோஸைக் கண் மருத்துவத்துக்குப் பயன்படுத்துவது பற்றி எழுதினார். செல்லுலோஸ் என்றால் பஞ்சிலும் மரக்கூழிலும் இருப்பது. மில் நகரமாக வளர்ந்த மதுரைக்குப் பஞ்சு புதிதல்ல. செல்லுலோஸைப் பக்குவப்படுத்தி நீரில் கரைத்தால் நிறமில்லாத, லேசாகப் பிசுபிசுக்கும் திரவம் கிடைக்கும். அது கண்ணின் மேல் ஒட்டி நின்று ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. இன்று குப்பிகளின் மேல் காணும் ஹைப்ரோமெல்லோஸ், கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ் எல்லாம் அதே குடும்பம்.

ஆனால் கண்ணீரில் தண்ணீர் மட்டும் இல்லை. கருவிழியோடு ஒட்ட வைக்கும் சளிப்பொருளும், மேலே மூடி ஆவியாகாமல் காக்கும் எண்ணெயும் உண்டு. எண்ணெயைச் சுரப்பவை இமை ஓரத்துச் சுரப்பிகள். 1666-ல் இவற்றை விவரித்த ஹைன்ரிக் மைபோம் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறோம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல இந்த எண்ணெய் கெட்டிப்பட்டு வாயை அடைத்துக்கொண்டால், சொட்டு மருந்து எத்தனை விட்டாலும் கண் காய்ந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு வைத்தியம் வெதுவெதுப்பான ஒத்தடம், இமை ஓரத்தை மெல்ல நீவுதல், சுத்தம். பலருடைய வறட்சி இந்த வகைதான். காசில்லாத இந்த வைத்தியத்தைத்தான் அதிகம் பேர் பாதியில் விடுகிறார்கள்.

இதற்கும் அடங்காதவர்களுக்கு வேறு வழிகள் வந்தன. இமையின் உள்மூலையில் கண்ணீர் வடியும் நுண்ணிய துளையைச் சிறு சிலிக்கோன் அடைப்பானால் மூடும் முறையை ஜெரி ஃப்ரீமன் என்ற மருத்துவர் 1975-ல் கொண்டுவந்தார். சைக்ளோஸ்போரின் என்ற மருந்தின் கதை விசித்திரம். நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்து, மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்க உதவி, பிறகு நாய்களின் கண் வறட்சிக்குப் பயன்பட்டு, 2002-ல்தான் அமெரிக்காவில் மனிதக் கண்ணுக்கு அனுமதி பெற்றது. கடுமையான வறட்சிக்கு நோயாளியின் ரத்தத்திலிருந்தே சீரம் பிரித்து, நீர்க்கச் செய்து, சொட்டு மருந்தாகக் கொடுப்பதும் உண்டு.

இனி மதுரை. வாத நோயால் விரல்கள் கோணிப்போன டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் அண்ணாநகரில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளி பெருகப் பெருக, கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை பெரிய தடையானது. வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலர் அளவில் விற்றது. மருத்துவமனையை ஒட்டியே 1992-ல் ஆரோலேப் என்ற லாப நோக்கில்லாத தயாரிப்பு நிறுவனம் பிறந்தது. சேவா அறக்கட்டளை என்ற தொண்டு அமைப்போடு இயங்கிய டேவிட் கிரீன் தொழில்நுட்பம் கொண்டுவர உதவினார். டாக்டர் பி. பாலகிருஷ்ணன் முன்னின்று நடத்தினார். லென்ஸின் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே போனது. அடுத்து தையல் நூலும் கண் மருந்துகளும் வந்தன, அவற்றில் கண்ணீர்த் துளிகளும் உண்டு. இப்போது சிவகங்கை சாலையில் வீரபாஞ்சானில் இருக்கிற அந்த ஆலையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சரக்கு போகிறது. வறட்சிக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் சொட்டு விட வேண்டும். விலை கட்டுப்படியாகாத மருந்து இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்த வகையில் இந்த ஊர் செய்தது மருத்துவக் கண்டுபிடிப்புகளுக்குக் குறைந்ததல்ல என்பேன்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதும் இந்தக் கதையின் பகுதி. திறந்த குப்பியில் கிருமி வளராமலிருக்க பென்சால்கோனியம் குளோரைடு போன்ற ரசாயனம் சேர்ப்பார்கள். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் நெடுநாள் விட்டால் அதுவே கண்ணின் மேற்பரப்பைப் புண்படுத்தும். அதனால் ரசாயனம் சேராத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குப்பிகள் வந்தன. ரசாயனத்தை எடுத்துவிட்டு, பலமுறை திறக்கும் குப்பியை அஜாக்கிரதையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை 2023 காட்டியது. சென்னைக்கு அருகே தயாரித்து அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீரை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கொடிய பாக்டீரியத் தொற்றோடு தொடர்புபடுத்தியது. 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று. 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேர் இறந்தார்கள்.

குழந்தைக்குக் கண் வறண்டால் அது வேறு நோயாக இருக்கலாம். வைட்டமின் ஏ குறைவால் வருவது, மாலைக்கண்ணில் தொடங்கிக் கருவிழியையே கரைத்துவிடும். அரவிந்த் மருத்துவர் லைலா ரஹ்மத்துல்லாவும் உடனிருந்தவர்களும் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளை ஆராய்ந்து, வாராவாரம் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்த குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்ததாக 1990-ல் வெளியிட்டார்கள். வைட்டமின் ஏ குறைவால் வரும் வறட்சிக்குச் செயற்கைக் கண்ணீர் விட்டுக் காலம் கடத்தக் கூடாது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கடைக்காரர் நீட்டுகிற, சிவப்பை உடனே போக்கும் சொட்டு மருந்தை வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். நாள்பட விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். வயல் வேலையில் நெல் தாள் கீறிப் பூஞ்சை பிடித்த கண்ணில் அதை விட்டால் பார்வையே போகும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சத்தில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1990-களில் ஓர் ஆய்வு கணக்கிட்டது, அமெரிக்க மாவட்டம் ஒன்றின் கணக்கைப்போலப் பத்து மடங்கு. கண் உறுத்தல் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். உங்கள் கண்ணீரில் குறைவது தண்ணீரா எண்ணெயா என்று கேளுங்கள். சொட்டு விடும்போது கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அதுவே கண் கொள்ளும் அளவைவிட அதிகம். குப்பியின் நுனி இமையிலோ விரலிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.