விதைச் சாமையும் மூல நிரலும்



கல்வராயன் மலையில் சாமை விளைகிறது. உமி நீக்கிய சாமையரிசியை உலையில் இடலாம், விதைக்க இயலாது. விதைக்க வேண்டுமாயின் உமியோடு கூடிய சாமையே வேண்டும். கணிப்பொறி நிரல்களிலும் இவ்வேறுபாடு உண்டு. உடனே இயங்குமாறு கட்டித் தரப்படும் பொதி, அரிசி. மனிதர் எழுதிய மூல நிரல், விதை.

டெசராக்ட் என்றொரு நிரல் இருக்கிறது. அச்சிட்ட பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தறிவது அதன் தொழில். 1985 முதல் 1994 வரை ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனத்தார் அதனை உருவாக்கினர். பின்னர் நெடுங்காலம் அது உறங்கிக் கிடந்தது. 2005-இல் அதன் மூல நிரல் உலகோர் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. திறவாதிருப்பின் அது தமிழ் படிக்கக் கற்றிருக்குமா என்பது ஐயமே.

2018 அக்டோபரில் நான்காம் பதிப்பு வந்தது. முந்தைய பதிப்பு எழுத்துகளைத் தனித்தனியே பிரித்து உருவம் கண்டது. புதியதோ நரம்பணு வலையின் துணைகொண்டு வரி முழுவதையும் சேர்த்துப் படித்தது. கொம்பும் காலும் விலகி நிற்கும் நம் எழுத்துக்கு இது பெரும் பேறு. ஆயினும் 2017-இல் வெளியான டெபியன் 9 என்னும் இயங்குதளத்தில் மூன்றாம் பதிப்பே பொதியாக இருந்தது. நிலைத்த வெளியீட்டில் பழுது நீக்குவார்களேயன்றிப் புதுமை புகுத்தமாட்டார்கள். அது குறையன்று, அவர்களது நெறி. 2019-இல் டெபியன் 10 வரும்வரை காத்திருக்க விரும்பாதவர்க்கு மூலத்திலிருந்து தாமே கட்டிக்கொள்ளும் வழி திறந்திருந்தது.

நமக்கு இதில் என்ன? டெபியனை அடியொற்றிச் சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்டது பாஸ் லினக்ஸ். 2011 முதல் தமிழக அரசு பள்ளி மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் அதுவும் இடம்பெற்றது. பழைய பதிப்போடு நின்றுவிட்ட அத்தகைய கணினி கள்ளக்குறிச்சியிலோ வெள்ளிமலையிலோ ஒரு வீட்டில் இருக்கலாம்.

முதலில் பழைய பொதியை நீக்குக. பின் மூல நிரலை இறக்கிக் கட்டமைப்பு ஆணையை இடுக. லெப்டோனிகா முதலிய துணை நூலகங்கள் உரிய பதிப்பில் இல்லையெனில் அது அங்கேயே நின்றுவிடும். பலர் மனந்தளர்வது இவ்விடத்தில்தான். திரையில் தோன்றும் கடைசி வரிகளைப் பொறுமையாகப் படித்தால் எது குறைகிறது என்பது புலப்படும். அதனை நிறைவுசெய்தபின் ‘மேக்’ ஆணை நிரலைத் தொகுத்துத் தரும். அவ்வாணை 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கியது, இன்றும் ஓயவில்லை! தமிழுக்குரிய பயிற்சிக் கோப்பைத் தனியே பெற்றுச் சேர்க்க வேண்டும்.

ஒன்று மறவாதீர்கள். தாமே கட்டிய நிரலுக்குப் புதுப்பிப்பு தானாக வாராது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மீண்டும் கட்ட வேண்டியதே. கட்டிய கோப்புறையையும் அழித்துவிடாதீர்கள். நிறுவியதை நீக்கும் ஆணையை அங்கிருந்துதான் இட வேண்டும்.