டன்னும் ரூபிளும்: சோவியத் தொழில்மயத்தின் சான்றுகளை எடைபோடுதல்

1933 ஜனவரியில் கட்சியின் மத்தியக் குழு முன் ஸ்டாலின் வைத்த அறிக்கை, முதல் ஐந்தாண்டுத் திட்டம் கெடுவுக்கு முன்பே முடிந்துவிட்டது என்றது. தொழில் உற்பத்தி இலக்கில் 93.7 விழுக்காடு எட்டப்பட்டதாம். ஆனால் 1929இல் ஏற்கப்பட்ட திட்டம் வார்ப்பிரும்புக்கு வைத்த இலக்கு 1 கோடி டன். 1932இல் உலைகளிலிருந்து வந்தது சுமார் 62 லட்சம் டன். எஃகிலும் பற்றாக்குறை ஏறத்தாழ இதே அளவு. இலக்கு, விளைச்சல், விழுக்காடு மூன்றும் ஒரே அரசு வெளியிட்டவை. பொய் என்று ஒதுக்கிவிட்டால் இந்த முரண் விளங்காமலே போய்விடும்.

விடை ரூபிள் கணக்கில் இருக்கிறது. மொத்த உற்பத்தியின் மதிப்பை 1926–27ஆம் ஆண்டு விலையில் கூட்டினார்கள். அந்த ஆண்டில் இல்லாத டிராக்டருக்கும் கடைசல் எந்திரத்துக்கும் விலை எது? முதன்முதலில் செய்தபோது ஆன அடக்கச் செலவுதான். அதுவோ மிக அதிகம். வேகமாகப் பெருகியவையும் இத்தகைய எந்திரங்களே என்பதால் குறியீட்டெண் தானாகவே ஊதிப் பெருத்தது. யாரும் எண்ணைத் திருத்த வேண்டிய தேவைகூட இல்லை. 1951இல் பொருளியலாளர் அலெக்சாண்டர் கெர்ஷென்க்ரான் சோவியத் எந்திரங்களுக்கு அமெரிக்க டாலர் விலையிட்டு இந்த விளைவைப் பிரித்துக் காட்டினார். பிறகு ஆப்ரம் பெர்க்சன் 1928–37 காலத்துக்குச் செய்த கணக்கில், 1928 விலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்த தேசிய உற்பத்தி வளர்ச்சி, 1937 விலையில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டில் எது சரி என்று கேட்பதை நான் வீண் என்றே கருதுகிறேன். எந்த விலையில் என்று சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் மேற்கோள் காட்டும் பாடநூல்களைத்தான் நம்ப முடிவதில்லை.

வேளாண்மைக் கணக்கில் தந்திரம் வெளிப்படையானது. 1933 முதல், களத்துக்கு வந்த தானியத்தை அளக்காமல் வயலில் நிற்கும் பயிரை வைத்து மகசூலை மதிப்பிட்டார்கள். அறுவடையிலும் போக்குவரத்திலும் சிந்தியதெல்லாம் ஏட்டில் விளைச்சலாகவே நின்றது.

கிரெம்ளினிடம் உண்மைக் கணக்கு எழுதிய இரகசியப் பேரேடு ஒன்று இருக்கும் என்ற எதிர்பார்ப்பு பனிப்போர் ஆய்வாளர் சிலரிடம் இருந்தது. 1991க்குப் பின் ஆவணக்காப்பகங்கள் திறந்தபோது பொருளாதாரத்தைப் பொறுத்தவரை அப்படி எதுவும் அகப்படவில்லை. திட்டக்குழுவான கோஸ்பிளானும் அதே எண்களை வைத்துத்தான் நிலக்கரியையும் இரும்பையும் பங்கிட்டது. (இராணுவச் செலவு விதிவிலக்கு: 1930களின் தொடக்கத்தில் வெளியிடப்பட்ட தொகை உண்மைத் தொகையைவிடக் குறைவு.) ஆகவே பிழை பெரும்பாலும் கீழிருந்தே ஏறியது. இலக்கைத் தொடாத மேலாளர் டன்னைக் கூட்டி எழுதினார். அதைக் கண்டுபிடித்த தணிக்கையாளர் மேலே முறையிட்டார். அந்த முறையீடுகள்தாம் காப்பகத்தின் பெரும் வரவு.

பயணிகளின் எழுத்தும் ஏராளம். 1932இல் பெரியாரும் சில மாதங்கள் அங்கே சுற்றினார். இவ்வகைக் குறிப்புகள், வந்தவர்கள் எதைத் தேடி வந்தார்கள் என்பதற்கு நல்ல சான்று. ஆலை என்ன விளைத்தது என்பதற்கு அல்ல. மாக்னிடோகோர்ஸ்க் எஃகு நகரில் வெல்டராக உழைத்த அமெரிக்கர் ஜான் ஸ்காட் வேறு ரகம். குளிர், ரொட்டிச் சீட்டு, சாரத்திலிருந்து விழுந்து சாவோர் என அவர் கண்ணால் கண்டது ஏராளம். ஆனால் ரஷ்யாவின் இரும்புப் போரில் விழுந்தவர்கள் முதல் உலகப் போரின் மார்ன் போரைவிட அதிகம் என்று அவர் பந்தயம் கட்டுவதுபோல் எழுதியதைப் பின்வந்தோர் புள்ளிவிவரமாகவே எடுத்தாண்டார்கள்.

இவை எல்லாவற்றிலும் நான் முதலிடம் தருவது 1937 ஜனவரி மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு. 1934 கட்சி மாநாட்டிலேயே மக்கள்தொகை 16.8 கோடி என்று ஸ்டாலின் அறிவித்திருந்தார். மூன்றாண்டு கழித்து எண்ணியபோது வந்தது 16.2 கோடி. 1932–33 பஞ்சம் அந்த இரு எண்களுக்கு இடையிலான இடைவெளியில் இருந்தது. போதாக்குறைக்கு, வயது வந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் தமக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு என்று பதிவு செய்திருந்தார்கள். எடுத்தவர்களுக்கு ஆதாயம் எதுவும் தராத எண்கள் இவை. அரசு கணக்கெடுப்பையே செல்லாது என்றது. அதை வடிவமைத்த ஒலிம்பி க்விட்கின் சுடப்பட்டார். 1939இல் மறுபடி எண்ணி 17 கோடிக்குச் சற்று மேல் என்று அறிவித்தார்கள். பெட்டியில் கிடந்த 1937 தாள்கள் சோவியத் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் வெளிவரத் தொடங்கின; பஞ்ச மரணங்களைக் கணிப்போர் இன்று முதலில் எடுப்பது அவற்றைத்தான்.