கொடைக்கானலில் மாண்டிசோரி: அடிக்காம ஒழுக்கம் வருமா?

"கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்." எங்க திண்டுக்கல் பக்கம் பிள்ளையை ஸ்கூல்ல விடும்போது பெரியவங்க சொல்ற டயலாக் இது. நானும் இதைக் கேட்டு வளர்ந்த ஆளுதான். ஆனா, குழந்தைக்கு அடியும் வேணாம், பரிசும் வேணாம்னு சொன்ன ஒரு டாக்டரம்மா, வத்தலக்குண்டுல இருந்து அண்ணாந்து பார்த்தா தெரியுற அதே மலை மேலதான் தங்கியிருந்தாங்க. அவங்க பேரு மரியா மாண்டிசோரி.

1939-ல அடையாறு தியோசாபிகல் சொசைட்டி கூப்பிட்டு, மகன் மரியோவோட மெட்ராஸ் வந்தாங்க. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறதுதான் பிளான். 1940 ஜூன்ல இத்தாலி போர்ல இறங்கினதும், பிரிட்டிஷ் அரசுக்கு இவங்க எதிரி நாட்டுக்காரங்க ஆயிட்டாங்க. மகனைக் காவல்ல வெச்சாங்க. அம்மாவோட 70-வது பிறந்தநாளுக்குத்தான் விட்டாங்க. அப்புறம் 1942-ல இருந்து 1944 வரைக்கும் கொடைக்கானல் வாசம். அங்கே வெவ்வேறு வயசுக் குழந்தைங்களை ஒண்ணா வெச்சு ஒரு சின்ன ஸ்கூல் நடத்தினாங்க.

சரி, தண்டனை வேணாம்னு எப்படி முடிவு பண்ணாங்க? 1907-ல ரோம் நகரத்துல ஏழைக் குடியிருப்பு ஒண்ணுல முதல் பள்ளியைத் தொடங்கினாங்க. அங்கே ஒரு நாள், நல்ல பையன்னு வெள்ளிப் பதக்கம் வாங்கினவன் வேலை மும்முரத்துல அதைக் கீழே தவறவிட்டான். தண்டனையா நாற்காலியில உட்கார வெச்ச இன்னொரு பையன் அதை எடுத்து, "நான் போட்டுக்கவா?"ன்னு கேட்டான். "போட்டுக்கோ, என்னை விடு"ங்கிற மாதிரி இவன் வேலைக்குப் போயிட்டான். பதக்கம் போட்டவனும் ஜாலியா உட்கார்ந்துட்டான். பரிசும் வேலை செய்யலை, தண்டனையும் வேலை செய்யலை!

அதுக்காக இஷ்டத்துக்கு விடுறதுன்னு அர்த்தம் இல்லை. அடுத்த பிள்ளையைத் தொந்தரவு பண்ணா உடனே நிறுத்தணும்னு தெளிவா சொன்னாங்க. அடங்காத பிள்ளையைத் தனி மேசையில, மத்தவங்க வேலை செய்றது தெரியுற மாதிரி உட்கார வெச்சு, பிடிச்ச பொம்மை கொடுத்து, உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பார்த்துக்கிற மாதிரி பார்த்துக்கிட்டாங்க. கை கட்டி வாய் பொத்தி உட்கார்றது அவங்க கணக்குல ஒழுக்கமே இல்லை. தன்னைத் தானே அடக்கத் தெரியுறதுதான் ஒழுக்கம்.

என் வேலை பாஷையில சொன்னா, அடி எர்ரர் மெசேஜை மட்டும்தான் மறைக்கும், பக் உள்ளேயே இருக்கும். அப்பா வீட்ல இல்லாதப்போ மறுபடி ரன் ஆகும்.

2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்தோட 17-வது பிரிவு, பள்ளியில அடிக்கிறதையும் மனசு நோகப் பேசுறதையும் தடை பண்ணிடுச்சு. ஆனா அது ஸ்கூல் கேட் வரைக்கும்தான். வீட்டுக்குள்ள பிள்ளை பாலைக் கொட்டினதும் கை ஓங்குமா, இல்லை துணியைக் கொடுத்து "வா, சேர்ந்து துடைப்போம்"னு சொல்லுமா? அந்த முடிவு இனி அப்பா அம்மா ஆகப்போற நம்ம செட்டு கையிலதான் இருக்கு.