எண்ணெய் குடித்த எட்டுக் கப்பல்கள்

காமர்ஸ், ஃபைனான்ஸ், டிரேட், எக்ஸ்சேஞ்ச், மார்க்கெட், ரிசோர்ஸ். பி.காம். பாடத்திட்டம் இல்லை, கப்பல்களின் பெயர்கள். அமெரிக்காவின் சீ-லேண்ட் கம்பெனி 1972, 73-ல் கடலில் இறக்கிய எட்டு கண்டெய்னர் கப்பல்களில் ஆறுக்கு இப்படிப் பெயர் வைத்தார்கள். மற்ற இரண்டும் மெக்லீன், காலோவே. மொத்தமாக எஸ்.எல்.-7 வகை என்பார்கள். வர்த்தகத்தின் பெயரைச் சுமந்த இவை வர்த்தகத்தில் ஓடியது பத்தாண்டுகூட இல்லை. ஏன் என்று பார்த்தால் நம்மைப் போன்ற கணக்குப் பிள்ளைகளுக்கு ருசியான கதை.

மால்கம் மெக்லீன் வட கரோலினாவைச் சேர்ந்த லாரி முதலாளி. 1956 ஏப்ரலில் 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கண்டெய்னர் யுகம் அங்கே தொடங்கியது என்று சொல்வது வழக்கம். அவர் வளர்த்த சீ-லேண்டை 1969-ல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற சிகரெட் கம்பெனி வாங்கியது. சிகரெட்டில் பணம் கொட்டிக்கொண்டிருந்த காலம். கைநிறையக் காசு வந்ததும் அந்த எட்டுக் கப்பல்களுக்கு ஆர்டர் போனது. ஒரு டச்சுத் தளமும் இரண்டு ஜெர்மானியத் தளங்களும் கட்டின.

வடிவமைப்பில் மற்ற எல்லாவற்றையும் வேகத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். நீளம் 288 மீட்டர். பன்னிரண்டு பெட்டி கோர்த்த ரயிலை நிறுத்தலாம். அகலமோ 32 மீட்டர்தான். பனாமா கால்வாய்க்குள் நுழைய வேண்டும், தண்ணீரையும் கத்திபோல் கிழிக்க வேண்டும். உள்ளே இரண்டு நீராவி டர்பைன்கள், மொத்தம் 1,20,000 குதிரைத்திறன். வேகம் 33 நாட், அதாவது மணிக்குச் சுமார் 61 கிலோமீட்டர். அன்றைய சரக்குக் கப்பல்கள் பலவும் இருபது, இருபத்திரண்டு நாட்டில் போய்க்கொண்டிருந்தன. 1973-ல் எக்ஸ்சேஞ்ச் அட்லாண்டிக்கைக் கிட்டத்தட்ட மூன்றரை நாளில் கடந்தது. 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற பயணிகள் கப்பல் 1952-ல் செய்த சாதனையைத் தொட்டுவிடும் வேகம்! பயணிகளுக்குச் செய்ததைப் பெட்டிகளுக்குச் செய்தார்கள்.

இதற்குக் கொடுத்த விலை இரண்டு. ஒன்று, உடல் ஒல்லியானதால் ஏற்ற முடிந்தது 1,096 பெட்டிகள்தான். அவற்றில் 896 இடங்கள் 35 அடிப் பெட்டிக்காக அமைந்தவை. அது சீ-லேண்டின் சொந்த அளவு. உலகமோ அதற்குள் 20, 40 அடி என்று ஒரு தரத்துக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டாவது, எரிபொருள். முழு வேகத்தில் ஒரு கப்பல் ஒரு நாளைக்கு 500 டன்னுக்கு மேல் குடிக்கும். நம் ஜெனரேட்டர் டீசல் பில்லுக்கே முகம் சுளிக்கும் கமிட்டி உறுப்பினர்கள் இந்த வரியை மெதுவாகப் படிக்கவும்.

கப்பலுக்குத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் முப்படியை ஒட்டி ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் சக்தி கால்வாசிக்கு மேல் குறையும். 33-ஐ 25 ஆக்கினால் பாதிக்கும் கீழே வந்துவிடும். கடைசிச் சில நாட்களுக்குத்தான், அதாவது வேகத்தின் அந்தக் கடைசிப் படிகளுக்குத்தான், செலவெல்லாம். எண்ணெய் மலிவாக இருந்தவரை யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. ரெனால்ட்ஸ் முன்யோசனையாக 1970-ல் அமினாயில் என்ற எண்ணெய்க் கம்பெனியையும் வாங்கிப் போட்டது. (1977-ல் அதன் குவைத் சொத்தை அந்த நாடு தேசியமயமாக்கிவிட்டது.)

எட்டும் வந்து சேர்ந்த வேளையில், 1973 அக்டோபரில், அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்தது, சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள். ஆனால் மெதுவாக ஓட்டினால் ஒல்லியான கப்பல் குண்டாகிவிடுமா? பெட்டி எண்ணிக்கை அதேதான். 1979-ல் எண்ணெய் விலை மறுபடி எகிறியது. 1981, 82-ல் எட்டையும் அமெரிக்கக் கடற்படை வாங்கிக்கொண்டது.

கடற்படைக்கு வேகம்தான் வேண்டும். எரிபொருள் செலவைச் சரக்குக் கூலியில் மீட்க வேண்டியதில்லை. டாங்கிகள் ஓட்டி ஏற்ற வசதியாகத் தளங்களையும் கிரேன்களையும் அமைத்து, அல்கோல், கபெல்லா, அண்டாரிஸ் என்று நட்சத்திரப் பெயர்களைச் சூட்டினார்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது இவைதான் ஜார்ஜியாவின் சவானா துறைமுகத்தில் ராணுவத் தளவாடங்களை ஏற்றிக்கொண்டு முதலில் பறந்தன. மாத இறுதிக்குள் கபெல்லா சவூதி அரேபியா போய்ச் சேர்ந்தது. அண்டாரிஸ் மட்டும் நடு அட்லாண்டிக்கில் படுத்துவிட, ஸ்பெயினின் ரோட்டா துறைமுகத்துக்கு இழுத்துப் போனார்கள்.

மெக்லீன் என்ன ஆனார்? 1977-ல் ரெனால்ட்ஸ் இயக்குநர் குழுவை விட்டு விலகி, அடுத்த ஆண்டு யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் கம்பெனியை வாங்கினார். சூடுபட்ட பூனை அல்லவா! இம்முறை நேர் எதிராக, கொரியாவின் டேவூவில் 12 குண்டுக் கப்பல்கள். வேகம் 18 நாட் சொச்சம், பெட்டிகள் ஏராளம், எண்ணெய் மிச்சம். செலவு 57 கோடி டாலர், பெரும்பகுதி கடன். அவை உலகைச் சுற்றத் தொடங்கியதும் 1986-ல் எண்ணெய் விலை பாதிக்கு மேல் சரிந்தது. அந்த நவம்பரில் கம்பெனி திவால்.

மெக்லீனுக்கு ராசியில்லை என்று பலர் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணெய் விலையை யாராலும் கணிக்க முடியாது. இருபது, முப்பது வருஷம் ஓட வேண்டிய பொருளை அன்றைய ஒரே ஒரு விலைக்கு அளவெடுத்துத் தைத்ததுதான் கோளாறு. வங்கியில் கடன் விண்ணப்பங்களோடு வரும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளிலும் ஏழு வருஷத்துக்கு மூலப்பொருள் விலை ஒரே கோட்டில் போகும். கேட்டால், "ஆடிட்டர் போட்டது சார்" என்பார்கள்.

அந்தப் பன்னிரண்டு குண்டுக் கப்பல்களையும் 1988-ல் 16 கோடி டாலருக்கு ஒருவர் வாங்கினார். வாங்கியது சீ-லேண்ட். அந்த விலைக்கு அவை லாபமாகவே ஓடின.