சிங்கப்பூர் 2010: முதல் இளையர் ஒலிம்பிக் விளையாட்டுகள்

சிங்கப்பூர் 2010 இளையர் ஒலிம்பிக் விளையாட்டுகள், 14 முதல் 18 வயது வரையுள்ள வீரர்களுக்காக அனைத்துலக ஒலிம்பிக் குழு நடத்திய முதலாவது இளையர் ஒலிம்பிக் போட்டி. 2010 ஆகஸ்ட் 14 முதல் 26 வரை நடந்த இப்போட்டியில் 204 தேசிய ஒலிம்பிக் குழுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 3,600 பேர் 26 விளையாட்டுகளில் களமிறங்கினர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அன்றைய அதிபர் எஸ். ஆர். நாதன், மரினா பே மிதக்கும் மேடையில் விளையாட்டுகளைத் தொடங்கிவைத்தார். கலங்கரை விளக்க வடிவில் எழுப்பப்பட்ட கொப்பரையில் சிங்கப்பூரின் இளம் பாய்மரப் படகோட்டி டேரன் சோய் ஒலிம்பிக் சுடரை ஏற்றினார்.

பெரியவர்களின் ஒலிம்பிக்கை அளவில் குறைத்து நடத்திய போட்டி என்று இதைக் கருதுவது சரியல்ல. ஒலிம்பிக் அரங்கில் அதுவரை இல்லாத போட்டி முறைகள் பல இங்கேதான் முதலில் முயன்று பார்க்கப்பட்டன. அவற்றில் சில இரண்டே ஆண்டில் லண்டனுக்கும், பதினோராண்டு கழித்துத் தோக்கியோவுக்கும் சென்றன. சிங்கப்பூர் 2010 பெற்ற தனி இடத்துக்கு இதுவே காரணம்.

நகரம் தேர்வான விதம்

இளையருக்கென ஓர் ஒலிம்பிக் வேண்டும் என்பது ஒலிம்பிக் குழுவின் அப்போதைய தலைவர் ஜாக் ரோகேயின் விருப்பம். 2007 ஜூலையில் குவாத்தமாலா நகரில் கூடிய குழு அதற்கு ஒப்புதல் அளித்தது. ஏதென்ஸ், பாங்காக், தூரின் ஆகியவை முந்தைய சுற்றில் நீக்கப்பட, மாஸ்கோவும் சிங்கப்பூரும் இறுதிச் சுற்றில் எஞ்சின. 2008 பிப்ரவரி 21 அன்று முடிவு வெளியானது. சிங்கப்பூர் 53 வாக்குகளும் மாஸ்கோ 44 வாக்குகளும் பெற்றிருந்தன. பாடாங் திடலில் திரையைப் பார்த்தபடி காத்திருந்த கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஆயத்தத்துக்குக் கிடைத்த காலம் இரண்டரை ஆண்டுகள் மட்டுமே. ஏற்பாட்டுக் குழுவுக்கு இங் செர் மியாங் தலைமை வகித்தார். அரசாங்கத் தரப்பில் பொறுப்பு, சமூக மேம்பாடு, இளையர், விளையாட்டு அமைச்சராக இருந்த விவியன் பாலகிருஷ்ணனிடம் இருந்தது. தொடக்கத்தில் 104 மில்லியன் வெள்ளி எனக் கணிக்கப்பட்ட செலவு 387 மில்லியன் வெள்ளியாக உயர்ந்தது. இது நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தது. முதல் கணிப்பு சரியாக அமையவில்லை என்பதை அமைச்சர் ஒப்புக்கொண்டார்.

தீவெங்கும் களங்கள்

புதிய அரங்குகளைக் கட்டிக் குவிக்காமல், இருப்பவற்றையே பெரும்பாலும் பயன்படுத்திக்கொண்டார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விடுதிகள் வீரர்களின் கிராமமாக மாறின. திடல்தடப் போட்டிகள் பீஷானில் நடந்தன. நீச்சல் உட்லண்ட்ஸ் பகுதியிலுள்ள சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியிலும், துடுப்புப் படகோட்டம் மரினா நீர்த்தேக்கத்திலும், பூப்பந்தும் மேசைப்பந்தும் உள்ளரங்கிலும் நடந்தன.

லிட்டில் இந்தியாவுக்கு மிக அருகே அமைந்த களம் ஜாலான் புசார் விளையாட்டரங்கம். 1929இல் திறக்கப்பட்ட இந்த அரங்கம் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து போகும் தொலைவில், கடைவீடுகள் சூழ்ந்த டிர்விட் சாலையோரம் இருக்கிறது. சிங்கப்பூர்க் காற்பந்தின் பழைய தாய்வீடு அது. இளையர் ஒலிம்பிக்கின் காற்பந்து ஆட்டங்கள் இங்கேதான் நடந்தன. ஆண்கள் பிரிவில் கண்டத்துக்கு ஒன்றாக பொலிவியா, ஹெய்ட்டி, மொண்டெனேகுரோ, சிங்கப்பூர், வனுவாட்டு, ஸிம்பாப்வே என ஆறே அணிகள் ஆடின.

காதிர் யஹயா பயிற்றுவித்த சிங்கப்பூர் அணி அரையிறுதியில் ஹெய்ட்டியிடம் தோற்றது. பிறகு மொண்டெனேகுரோவை 4-1 என வென்று வெண்கலம் பெற்றது. இறுதியாட்டத்தில் பொலிவியா 5-0 கோல் கணக்கில் ஹெய்ட்டியை வீழ்த்தியது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஹெய்ட்டியை மாபெரும் நிலநடுக்கம் சிதைத்திருந்தது. எட்டு மாதங்களுக்குள் அந்நாட்டுச் சிறுவர்கள் ஓர் ஒலிம்பிக் இறுதியாட்டம் வரை வந்து வெள்ளிப் பதக்கம் அணிந்தது, இந்தப் போட்டியில் போற்றிச் சொல்ல வேண்டிய சாதனை.

ஓடிக்கொண்டே சுடுதல்

பனிச்சறுக்குக் கட்டைகளில் விரைந்து வந்து, மூச்சிரைக்க நின்று, குறிபார்த்துச் சுடும் பயத்லான் குளிர்நாடுகளின் விளையாட்டு. 1960 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இடம்பெறும் அதற்கு இளையருக்கான உலக வெற்றியாளர் போட்டியும் உண்டு. பனியே காணாத சிங்கப்பூரில், அதற்கு நெருங்கிய உறவான ஒரு போட்டி நவீன ஐம்போட்டியின் வடிவில் நடந்தது.

வாள்வீச்சு, நீச்சல், குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல், ஓட்டம் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே அன்றைய நவீன ஐம்போட்டி. சுடுதலும் ஓட்டமும் 2009 முதல் ஒரே போட்டியாக இணைக்கப்பட்டன. அன்றைய விதிப்படி மூன்று முறை நின்று ஐந்தைந்து இலக்குகளை வீழ்த்த வேண்டியிருந்தது; ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஆயிரம் மீட்டர் ஓட வேண்டியிருந்தது. முந்தைய சுற்றுகளில் முன்னிலை பெற்றவர் முதலில் புறப்படுவார். யார் கடைசிக் கோட்டை முதலில் கடக்கிறாரோ அவரே ஒட்டுமொத்த வெற்றியாளர். ஓடியதால் எகிறும் இதயத்துடிப்பைச் சில நொடிகளில் அடக்கி, கை நடுங்காமல் விசையை அழுத்துவதுதான் இதன் கடினம். பயத்லான் வீரரைச் சோதிப்பதும் அதே கடினம்தான்.

சிங்கப்பூரில் இதற்குப் பயன்பட்டவை லேசர் கைத்துப்பாக்கிகள். காற்றழுத்தத் துப்பாக்கியின் ஈயக்குண்டுக்குப் பதிலாக ஒளிக்கதிர் இலக்கைத் தொட, மின்னணுக் கருவி உடனே முடிவைக் காட்டும். குண்டு பாயாததால் தனிச் சுடுதளம் தேவையில்லை. பார்வையாளர்கள் பக்கத்திலேயே நிற்கலாம். ஒலிம்பிக் குடையின்கீழ் லேசர் முதன்முதலாகப் பயன்பட்டது இங்கேதான். ஆண்கள் பிரிவில் ரஷ்யாவின் இல்யா ஷுகாரொவும் பெண்கள் பிரிவில் கியூபாவின் லெய்டி லாரா மோயாவும் தங்கம் வென்றனர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெரியவர்களும் லேசருக்கு மாறினர்.

இளையருக்கான இப்போட்டியில் குதிரையேற்றம் சேர்க்கப்படவில்லை. தோக்கியோவில் குதிரை நடத்தப்பட்ட விதம் உலகெங்கும் கண்டனத்துக்குள்ளான பிறகு, பெரியவர்களின் ஐம்போட்டியும் பாரிஸ் 2024உடன் குதிரையைக் கைவிட்டது. அதன் இடத்துக்குத் தடைதாண்டும் ஓட்டம் வந்திருக்கிறது.

கலப்பு அணிகளும் அரைத்திடல் கூடைப்பந்தும்

இளையர் ஒலிம்பிக் வரலாற்றின் முதல் தங்கம், ஆகஸ்ட் 15 அன்று ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பெண்கள் டிரையத்லானில் ஜப்பானின் யூகா சாத்தோவுக்குக் கிடைத்தது. 750 மீட்டர் கடல் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம் என்பது அதன் அளவு. மறுநாள் ஆண்கள் பிரிவில் நியூசிலாந்தின் ஏரன் பார்க்ளே வென்றார்.

அதே கரையில் நடந்த கலப்புத் தொடரோட்டத்தில், இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் கொண்ட அணிகள் நாட்டின் பெயரில் அல்லாமல் கண்டத்தின் பெயரில் மோதின. நால்வரும் நீந்தி, மிதித்து, ஓடி அடுத்தவருக்குத் தொடுகை தர வேண்டும். கலப்புத் தொடரோட்டம் தோக்கியோ ஒலிம்பிக்கில் தேசிய அணிகளுக்கான பதக்கப் போட்டியானது; 2021 ஜூலை 31 அன்று நடந்த அதன் முதல் தங்கத்தைப் பிரிட்டன் பெற்றது. ஆர்ச்சர்ட் சாலைக்கு அருகே, ஸ்கேப் இளையர் வளாகத்தில் நடந்த மூவர் கூடைப்பந்தும் இதே வழியில் தோக்கியோவை அடைந்தது.

ஒலிம்பிக் குழு பதக்கப் பட்டியலை முன்னிறுத்தவில்லை. போட்டி முடிந்தவுடன் ஊர் திரும்பாமல் விளையாட்டுகள் முடியும்வரை வீரர்கள் தங்கியிருக்க வேண்டும் என்றும் ஏற்பாடு இருந்தது. அந்த நாள்கள் கலாசார, கல்வித் திட்டத்துக்குச் செலவாயின. செர்கேய் புப்கா, யெலெனா இசின்பாயெவா போன்ற கம்பூன்றித் தாண்டும் சாதனையாளர்கள் இளையருடன் உரையாடினர். ஊக்கமருந்தின் கேடு, உடல்நலம், படிப்புக்கும் பயிற்சிக்கும் இடையே நேரத்தைப் பங்கிடுவது ஆகியவையும் பேசப்பட்டன. மாணவர்கள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான தொண்டூழியர்கள் இவற்றுக்குத் தோள்கொடுத்தனர்.

இங்கிருந்து சென்றவர்கள்

போட்டியை நடத்திய நாட்டுக்கு மேசைப்பந்தில் இசபெல் லீயும், 50 மீட்டர் மல்லாந்த நீச்சலில் ரெய்னர் இங்கும் வெள்ளி பெற்றுத் தந்தனர்.

இந்தியா ஆறு வெள்ளி, இரண்டு வெண்கலத்துடன் திரும்பியது. பூப்பந்தில் வெள்ளி பெற்ற எச். எஸ். பிரணாய் 2022இல் தாமஸ் கிண்ணம் வென்ற இந்திய அணியில் இருந்தார். 2023 உலக வெற்றியாளர் போட்டியில் வெண்கலமும் பெற்றார். மல்யுத்தத்தில் வெள்ளி பெற்ற பூஜா தண்டா 2018இல் உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார். குத்துச்சண்டையில் சிவ தாப்பாவும் டென்னிஸில் யூகி பாம்ப்ரியும் அன்று வெள்ளி வென்றவர்களில் மேலும் இருவர். தென்னாப்பிரிக்காவின் சாட் லெ குளோஸ் சிங்கப்பூர்க் குளத்தில் தங்கம் வென்ற இரண்டே ஆண்டில், லண்டனில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸை முந்தினார்.

சிங்கப்பூருக்குப் பின் கோடைக்கால இளையர் ஒலிம்பிக் 2014இல் நான்ஜிங்கிலும் 2018இல் புவெனஸ் ஐரிஸிலும் நடந்தது. முதலாவது குளிர்கால இளையர் ஒலிம்பிக் 2012 ஜனவரியில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் நடந்தபோது, பயத்லானும் அதில் ஒரு விளையாட்டாக இருந்தது. அங்கேயும் ஆண்களும் பெண்களும் ஒரே அணியாக இணைந்து தொடரோட்டத்தில் பங்கேற்றனர். அதற்கடுத்த கோடைக்காலப் போட்டியை 2026இல் நடத்தும் வாய்ப்பு செனகலின் டாக்காருக்கு ஒதுக்கப்பட்டது. ஆப்பிரிக்க மண்ணுக்கு வழங்கப்பட்ட முதல் ஒலிம்பிக் நிகழ்வு அது.